ஏரிக்கரையும் துப்பாக்கியும்

சில வருஷங்களுக்கு முன் தை மாதத்தில் ஒரு நாள், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தேன். செங்கல்பட்டில் வக்கீல் தொழில் நடத்தும் நண்பர் ஒருவரும் கூட இருந்தார். நீருக்குள் நிற்கும் மரங்களின்மேல் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் ஏகக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன.

"இவை இங்கே உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்ன, சொல்லுங்கள்?" என்று கேட்டேன்.

"1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்" என்றார் நண்பர். வக்கீல் அல்லவா?

இல்லை. அந்தச் சட்டம் பிறப்பதற்கு ஏறக்குறைய நூற்றெண்பது வருஷம் முன்னால், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியும் கையுமாக இங்கே வந்து பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு போய்க் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டார்கள். இங்கே யாரும் பறவைகளை இம்சிக்கக் கூடாது என்று உத்தரவு எழுதி வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்கள். இதில் ஜீவகாருண்யம் மட்டுமல்ல, கணக்கும் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். உத்தரவு சர்க்காருடையது, ஆனால் அதைக் கேட்டது ஊர். ஆகையால்தான் அதை ஊரே காவல் காத்தது.

இன்றைக்கு நிலைமை என்ன? அரசியல் சட்டத்தில் ஆயுதம் மத்திய சர்க்காரின் பட்டியலில் இருக்கிறது. போலீஸும் பொது அமைதியும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் டில்லியில் செய்தது. லைசென்ஸ் கொடுப்பவர் கலெக்டர். நகரமானால் போலீஸ் கமிஷனர். விசாரித்து அறிக்கை அனுப்புவது போலீஸ் ஸ்டேஷன். ஊரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரைச் சாலையில் பங்களா வைத்திருப்பவர் ஒரு துப்பாக்கி வாங்கினால், பக்கத்துக் குப்பத்து மீனவருக்கு அது எப்போது தெரியவரும்? அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் மணலில் உலாவும்போதுதான்!

"தேசம் ஒன்று, சட்டமும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்" என்றார் நண்பர்.

ஒன்றாகவா இருக்கிறது? குடகு நாட்டுக் குடவர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை அது. 2019-ல் மத்திய சர்க்கார் அதை மேலும் பத்து வருஷத்துக்கு நீட்டித்தது. மாமல்லபுரத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவரின் பாட்டனும் நாட்டுத் துப்பாக்கியால் வேட்டையாடிப் பிழைத்தவர்தான். அவருக்கு அந்த விலக்கு கிடையாது. நரிக்குறவருக்கும் துப்பாக்கி கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. டில்லி ஆளுக்கு ஒரு விதமாகப் பார்க்கச் சம்மதிக்குமானால், ஊருக்கு ஊர் பார்ப்பதில் மட்டும் என்ன குற்றம்?

அமெரிக்காவில் நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள், நகரசபைகள் தாமாகத் துப்பாக்கிச் சட்டம் செய்யாதபடி அவற்றின் கைகளைக் கட்டிவைத்திருக்கின்றன. கொலராடோவிலுள்ள போல்டர் நகரம் 2018-ல் ஒருவகைத் துப்பாக்கிகளைத் தடை செய்தது. மாநிலச் சட்டத்துக்கு அது முரண் என்று 2021 மார்ச்சு 12-ந் தேதி கோர்ட்டு அந்தத் தடையை நிறுத்தியது. பத்தாம் நாள் அதே ஊர்க் கடையொன்றில் ஒருவன் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான். தடை நீடித்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த மாநிலமே அதே வருஷம் ஊர்களின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டது.

நண்பர் விடவில்லை. "ஊர் என்கிறீர்களே, எந்த ஊர்? மேலத்தெருவா, சேரியா? அதிகாரத்தை ஊரிடம் கொடுத்தால் மேலத்தெருக்காரன் தன் மைத்துனனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுப்பான். சேரியில் இருப்பவன் கையிலுள்ள தடியையும் பிடுங்குவான்."

இந்தக் கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கான 1995-ஆம் வருஷத்து விதிகள், கொடுமை நடக்கக்கூடிய இடங்களில் மற்றச் சாதியாரின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்யலாம் என்கின்றன. அவசியமானால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் லைசென்ஸ் கொடுக்கலாம் என்றும் சொல்கின்றன. அந்த அதிகாரம் சர்க்காரிடமே இருக்கட்டும். ஊர்ப் பெரிய மனிதர்கள் அதில் கைவைக்க வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது கொஞ்சந்தான். துப்பாக்கியைக் கொடுக்கும் அதிகாரம் ஊருக்கு வேண்டாம். ஒருவன் வீட்டுக்குள் வைத்திருப்பதைப் பிடுங்கும் அதிகாரமும் வேண்டாம். ஆனால் எங்கள் ஏரிக்கரையில், சந்தையில், தேரோடும் வீதியில், மீன் காயும் மணலில் எவனும் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது என்று, எல்லாத் தெருவாரும் கூடிய கிராம சபை தீர்மானம் போட்டால், அதைக் கலெக்டர் உத்தரவாக்க வேண்டும். சட்டத்தில் அதற்கு ஒரு வரி போதும்.

வேடந்தாங்கல் குடியானவர்களுக்கு அன்று ஓட்டு கிடையாது. பஞ்சாயத்துச் சட்டம் கிடையாது. ஆயினும் அவர்கள் சொன்னதை ஒரு கலெக்டர் கேட்டார். கம்பெனிக் கலெக்டருக்கு இருந்த காது, குடியரசின் சட்டத்துக்கு இல்லாமற் போகலாமா?