ஹோலுக்குள் ஒரு கடல்



சமையல், பிள்ளை வளர்ப்பு என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இம்முறை ஒரு மீன் தொட்டிக் கடிதமும் வந்திருக்கிறது. எழுதிய சகோதரியின் கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். கடந்த விடுமுறையில் வந்தவர், ஆசை ஆசையாக ஆறடி நீளக் கடல்நீர்த் தொட்டியொன்றை முன் ஹோலில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒருநாள் இரவு கரண்ட் போனது. விடிந்து பார்த்தால் ஹோல் முழுக்க உப்புத் தண்ணீர், கம்பளம் நாசம். கரண்ட் வந்த பிறகும் மோட்டர் இரைந்ததே தவிர தண்ணீர் மேலே ஏறவில்லை. இரண்டு மீன்கள் செத்து மிதந்தன.

"மோட்டர் போதாது, இதைவிடப் பெரியதாக ஒன்று அனுப்புகிறேன் என்கிறார். துடைக்கிறவள் நான்தானே! என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார் சகோதரி.

சகோதரி, பெரிய மோட்டர் வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஏன் என்பதையும் விளக்கிச் சொல்லுங்கள்.

பெரிய கடல்நீர்த் தொட்டிகளில் தண்ணீர் மேல் விளிம்பால் வழிந்து, அடியில் அலுமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அழுக்கு அங்கே பிரியும். சுத்தமான நீரை மோட்டர் திரும்ப மேலே அனுப்பும். இதுதான் அந்த மோட்டரின் வேலை. பவளங்களுக்கு வேண்டிய வேகமான நீரோட்டத்தையும் இந்த ஒரு மோட்டரே தர வேண்டும் என்று நினைப்பதில்தான் பிழை ஆரம்பிக்கிறது. அதற்கென்று தொட்டிக்குள்ளேயே பூட்டும் வேவ் மேக்கர்கள் இருக்கின்றன. அவை நீரை உயரத்துக்குத் தூக்குவதில்லை. ஆகவே குறைந்த மின்சாரத்தில் நிறைய நீரை அசைக்கின்றன.

அப்படியானால் மோட்டர் எவ்வளவு அனுப்பினால் போதும்? தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு, ஒரு மணித்தியாலத்தில் மேலே வந்தால் தாராளம். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி. அதாவது ஏறத்தாழ 680 லீற்றர். கல்லும் மணலும் இடம் பிடிப்பதால் உண்மையில் அதிலும் குறைவு. மணிக்கு 2000 முதல் 3400 லீற்றர் வரை போதும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்கிவிடாதீர்கள். அது நீரை உயர்த்தாமலே தள்ளும்போது கிடைக்கும் அளவு. நிலத்தில் வாளியை நகர்த்துவதும் மாடிக்குத் தூக்கிச் செல்வதும் ஒன்றா? கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேல் விளிம்பு வரை நாலைந்து அடி ஏற வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு எல்போவும், ஒடுங்கிய குழாயும் இன்னும் கொஞ்சத்தைக் குறைக்கும். நல்ல மோட்டர்களின் பெட்டியிலே உயரத்துக்கு ஏற்ப எத்தனை லீற்றர் என்று ஒரு வரைபடம் இருக்கும். அதைப் பார்த்தே வாங்க வேண்டும். மோட்டரின் வாயைவிடக் குழாய் ஒடுங்கியதாக இருக்கவே கூடாது.

உங்கள் மோட்டர் எவ்வளவு தருகிறது என்று நீங்களே அளக்கலாம். நீர் விழும் குழாயின் வாயைத் தொட்டியின் மேல் விளிம்பு உயரத்திலேயே பிடித்து, 10 லீற்றர் வாளியொன்றை நிரப்புங்கள். பிள்ளைகளில் ஒருவரைக் கடிகாரம் பார்க்கச் சொல்லுங்கள். 12 செக்கனில் நிரம்பினால் மணிக்கு 3000 லீற்றர். அப்படியானால் மோட்டரில் ஒரு குறையும் இல்லை.

இனி அந்த இரவுக்கு வருவோம். மோட்டர் நின்றதும், மேலே நீருக்குள் அமிழ்ந்திருக்கும் குழாயின் வாய் வழியே தண்ணீர் தானாகவே கீழே இறங்கத் தொடங்கும். உங்கள் தொட்டியின் மேற்பரப்பு 12 சதுர அடி. ஓரங்குலம் இறங்கினாலே 28 லீற்றர். குழாயின் வாய் இரண்டங்குலம் அமிழ்ந்திருந்தால் 56 லீற்றர்! கீழ்த்தொட்டியில் அதற்கு இடமில்லாததால்தான் ஹோலுக்கு வந்திருக்கிறது. அவ்வளவு தண்ணீரும் வெளியே போன பின், மிச்சம் மோட்டருக்கு எட்டியிருக்காது. அதனால்தான் வெறுமனே இரைந்தது. பெரிய மோட்டர் பூட்டினால் மேல்தொட்டியின் நீர்மட்டம் இன்னும் சற்று உயரும். நிற்கும்போது இறங்கும் தண்ணீரும் கூடும்.

இதற்குப் பரிகாரம் செலவில்லாதது. குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே வரும்படி உயர்த்துங்கள். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் சிறு துளையொன்று இட்டால், அதனூடாகக் காற்றுப் புகுந்து இறக்கம் நின்றுவிடும். துளையில் உப்பும் பாசியும் அடைக்கும். மாதமொரு முறை குத்தி விடுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு சிறு நத்தை சிக்கினாலும் அது மூடாது.

பிறகு, எல்லோரும் வீட்டில் இருக்கும் ஒரு பகல் வேளையில் மோட்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கீழ்த்தொட்டி நிரம்பி வழியாமல் நின்றால் சரி. மோட்டரைத் திரும்பப் போட்டு, நீர் ஓடி நிதானித்ததும் அங்குள்ள மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

மின்கட்டணத்தையும் பாருங்கள். 100 வோட்ஸ் மோட்டர் இரவு பகல் ஓடினால் மாதம் 72 யூனிட். 35 வோட்ஸ் என்றால் 25 யூனிட்தான். யூனிட் கூடக் கூட விலையும் படியேறுவது உங்களுக்குத் தெரியாததல்ல. நீருக்குள் அமிழ்ந்து ஓடும் மோட்டரின் சூடும் அந்த நீரிலேயே சேரும். நமது நாட்டு வெக்கையில் அது மீனுக்கும் பவளத்துக்கும் கூடாது. நீர் சூடாகச் சூடாக அதில் ஒட்சிசனும் குறையும். அனுப்பத்தான் வேண்டுமென்றால், இதே அளவில் இன்னொரு சிறிய மோட்டரை அனுப்பட்டும். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். கூடவே பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பொன்றும் வரட்டும்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாதிருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி சொல்லாமல் கொள்ளாமல் நாடு முழுவதும் கரண்ட் போனது. அப்படியான நேரத்தில் மீனுக்குத் தீன் போடாதீர்கள். பம்ப் இல்லையென்றால் தேநீர் ஆற்றுவதுபோல் ஒரு குவளையால் நீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். காற்றுக் கலந்தால் அந்த ஜீவன்கள் தாக்குப்பிடிக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நீருக்குள் கை வைக்கு முன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வழியும் நீர் பிளக்குக்குப் போகாது. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்றும் அழுத்திப் பாருங்கள். உப்பு நீரும் கரண்டும் சேர்ந்தால் விளையாட்டல்ல, வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கணவருக்கு அடுத்த முறை கோல் எடுக்கும்போது, வாளி நிரம்பிய செக்கன் கணக்கையும், டேப் ஒட்டிய இடத்தையும் சொல்லுங்கள். தொட்டியை வாங்கியவர் அவர். அதை நாளும் பார்ப்பவர் நீங்கள். உங்கள் கணக்கை அவர் கேட்பார்.