இரண்டு மருந்துக்கும் அளவு வேண்டும்!

சிவகாசியில் "மருந்து" என்றால் இரண்டு பொருள். ஒன்று நோயைத் தீர்ப்பது. மற்றொன்று பட்டாசுக்குள் இருப்பது. அளவு மீறினால் இரண்டுமே ஆபத்து!

சிலருக்குச் சிறு வயது முதலே கவனம் ஓரிடத்தில் நிற்பதில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விடுவார்கள். பெரியவர்களான பிறகும் இது தொடரலாம். "சோம்பேறி" என்று வீட்டார் ஏசுகிறார்கள். அது தவறு. இது கவனக் குறைவு நோய். வெடிமருந்து புழங்கும் ஊரில் கவனம் சிதறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, சிகிச்சை அவசியம்.

இதற்கு "மெத்தில்பெனிடேட்" என்ற மாத்திரை உண்டு. கவனம் நிலைக்க உதவும். ஆனால் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடலாம். பசியும் தூக்கமும் குறையலாம். இஷ்டம்போல் விழுங்கினால் அடிமையாகவும் நேரிடும்.

அதனால்தான் சட்டம் கெடுபிடி செய்கிறது. டாக்டர் இரண்டு பிரதிகளில் சீட்டு எழுத வேண்டும். ஒரு பிரதியைக் கடைக்காரர் 2 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். இது தொல்லை அல்ல, காவல்!

இருதய நோய், ரத்தக் கொதிப்பு இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அளவை நீங்களே கூட்டாதீர்கள். கண் விழித்துப் படிக்கும் பிள்ளைக்கோ, பக்கத்து வீட்டாருக்கோ ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். மாத்திரை சாப்பிடுகிறோமே என்று ஆலையின் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தாதீர்கள்.

விருதுநகரில் 2022-ம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வைத்தியம் தேடி வெளியூருக்கு அலைந்த காலம் மாறி வருகிறது. மனநல டாக்டரைப் பார்க்க வெட்கம் எதற்கு?