வேகம் கடையிலேயே தெரியும், நிறம் அச்சில்தான் தெரியும்

தில்லி நேரு பிளேஸிலோ பெங்களூர் எஸ்.பி. சாலையிலோ மும்பை லாமிங்டன் சாலையிலோ கணினித் திரை வாங்கச் செல்லும் மாணவரிடம் கடைக்காரர் முதலில் சொல்வது ஓர் எண்ணை: 144, 180, 240. ஒரு விநாடியில் திரை தன் படத்தை எத்தனை முறை புதுப்பிக்கிறது என்னும் ஹெர்ட்ஸ் கணக்கு அது. மவுஸை இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டினால் போதும், வேறுபாடு அந்த நொடியே புலப்பட்டுவிடும். நிறத்தின் கதை அப்படியன்று. நீலம் ஏறிய வெண்மையைக்கூடச் சில நிமிடங்களில் தூய வெண்மை என்று ஏற்றுக்கொள்வது கண்ணின் இயல்பு. பிழையான திரை தன் பிழையைத் தானே காட்டுவதில்லை. வடிவமைப்பும் திரைப்படமும் ஓவியமும் பயில்வோர் பலர் விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட திரையை ‘இரண்டுக்கும் ஆகும்’ என்று வாங்கி வருவதன் முதற்காரணம் இதுவே.

வேகத்தின் பயன் ஏற ஏறத் தேய்வது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படச்சட்டம் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி நிற்கிறது; 144-இல் 6.9, 240-இல் 4.2. முதல் தாவலில் மிச்சமாவது ஏறக்குறைய 10 மில்லிவிநாடி. அடுத்ததில் மூன்றுக்கும் குறைவு. அந்த 240-ஐத் துய்க்க வேண்டுமானால் கிராபிக்ஸ் கார்டும் விநாடிக்கு அத்தனை சட்டங்களை ஆக்கித் தர வேண்டும். திரையின் பெட்டியில் இதை யாரும் அச்சிடுவதில்லை.

இதனால் விளையாட்டை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. மின்விளையாட்டை 2022 டிசம்பரில் இந்திய அரசு முறையாக அங்கீகரித்தது. அடுத்த ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அது பதக்கப் பிரிவாகவும் இடம்பெற்றது. போட்டியாளருக்கு அந்த மூன்று மில்லிவிநாடியும் பொருட்டுத்தான். பகலெல்லாம் வரைந்துவிட்டு இரவில் இரண்டு மணி நேரம் விளையாடும் மாணவர் அந்தப் போட்டியாளர் அல்லர்.

உண்மையான சிக்கல் வண்ண வரம்பில் இருக்கிறது. 1996-இல் ஹியூலெட்-பேக்கார்டும் மைக்ரோசாஃப்ட்டும் முன்மொழிந்த எஸ்ஆர்ஜிபி என்னும் வரம்பே இணையப் படங்களுக்கு இன்றும் பொது மொழி. டிசிஐ-பி3 என்பது திரையரங்கின் டிஜிட்டல் புரொஜெக்டருக்காக வகுக்கப்பட்ட, அதனினும் விரிந்த வரம்பு. இன்றைய விளையாட்டுத் திரைகள் பல ‘95 விழுக்காடு பி3’ என்று பெருமை பேசுகின்றன. விரிந்தது நல்லதுதானே என்று தோன்றும். அத்திரைக்குரிய வண்ணக் கோப்பு கணினியில் நிறுவப்படாதபோது, மென்பொருள் அதைச் சாதாரண எஸ்ஆர்ஜிபி திரையாகவே கருதிக்கொள்கிறது. அடக்கமான சிவப்பும் எரியும் சிவப்பாகிறது. கச்சின் அஜ்ரக் துணியை முன்வைத்து வேலை செய்யும் ஒரு மாணவரை எண்ணிப் பார்க்கலாம். மஞ்சிட்டிச் சிவப்பு திரையில் மிகையாகத் தெரிவதால் அவர் அதைத் தணிக்கிறார். தணித்தது கண்ணுக்குச் சரியாகப் படுகிறது. அதே கோப்பு மதிப்பீட்டாளரின் திரையில் சோகை பிடித்தாற்போல் நிற்கிறது. ஆறு மாத உழைப்பு பிறர் கண்ணில் நிறங்கெட்டுப் போனதற்குக் காரணம் மாணவரின் ரசனைக் குறைவு என்றே கொள்ளப்படும்; திரையை யாரும் ஐயுறுவதில்லை.

ஒளிர்வும் இவ்வாறே ஏமாற்றும். கடையின் வெளிச்சத்தில் எடுப்பாகத் தோன்றுவதற்காக மிகுதியாக வைக்கப்பட்ட ஒளிர்வோடு விடுதி அறையில் படம் திருத்துவோருக்கு, அச்சு இருண்டே வந்து சேரும். அச்சுக்கான வேலைக்கு 80 முதல் 120 கேண்டெலா வரை போதும் என்பது பழகிய நடைமுறை.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை ஹெர்ட்ஸ்’ என்பதன்று. திரையின் அமைப்புப் பட்டியலில் எஸ்ஆர்ஜிபி முறை உண்டா, அம்முறையில் இருக்கும்போதே ஒளிர்வைக் குறைக்க இயலுமா என்பதே. சில திரைகள் அம்முறையில் ஒளிர்வைப் பூட்டிவிடும். அவற்றில் வசதி பெயரளவில்தான். மனிதத் தோல் தெரியும் ஒரு படமும் கருமையிலிருந்து மெல்ல வெளுக்கும் ஒரு பட்டையும் பென் டிரைவில் இருந்தால் பாதி உண்மை அங்கேயே வெளிப்படும். ‘எச்டிஆர் 400’ முத்திரையைப் பெரிதாக எண்ண வேண்டா. பகுதி பகுதியாக ஒளியை அடக்கும் ஏற்பாட்டை அந்தத் தரநிலை கோருவதே இல்லை.

ஓலெட் திரையின் கருமைக்கும் வேகத்துக்கும் ஈடில்லை. எனினும் ஒரே கருவிப்பட்டையை நாள் முழுதும் ஒரே இடத்தில் வைத்திருப்பவருக்குத் தழும்பு விழும் அச்சம் உண்டு. அதன் பிக்சல் அமைப்பால் சிற்றெழுத்துகளின் ஓரத்தில் நிறம் கசிவதும் உண்டு. ஆய்வேடு எழுதுவோருக்கு இது சிறு தொல்லையன்று. தேவநாகரிக் கூட்டெழுத்துகளிலும் வங்காள எழுத்துருக்களிலும் வேலை செய்வோர் 27 அங்குல 4கே ஐபிஎஸ் திரையை 60 ஹெர்ட்ஸிலேயே வாங்கலாம்; அங்குலத்துக்கு 163 பிக்சல் தரும் கூர்மையை எந்த வேகமும் ஈடுசெய்யாது. வரைவதும் விளையாடுவதும் ஒருசேர வேண்டுவோருக்கு அதே அளவில் 2560-க்கு 1440 பிக்சல் கொண்ட ஐபிஎஸ் திரை, 144 ஹெர்ட்ஸ் அல்லது அந்த விலையில் கிடைக்கும் வேகம் போதும். அதற்கு மேலான வேகத்துக்குத் தரும் பணம் வீண்.

நிறத்தை அளந்து சீராக்கும் காலிபிரேஷன் கருவியின் விலை ஒரு நல்ல திரையின் விலையை நெருங்கும். இளநிலை ஆய்வு உதவித்தொகையான மாதம் 37,000 ரூபாயில் வாழ்வோருக்கே அது கடினம்; உதவித்தொகை ஏதுமில்லாத முதுகலை மாணவரிடம் அதை எதிர்பார்ப்பது முறையன்று. ஆண்டு முழுவதும் ஒருவருக்கு அது தேவைப்படுவதும் இல்லை. மாதத்துக்கு அரை மணி நேரம் போதும். துறைக்கு ஒன்று வாங்கி, நூலகப் புத்தகம்போல் கையெழுத்திட்டு எடுத்துச் செல்ல விடலாம். ஆய்வகத் திரைகளுக்கான கொள்முதல் ஆவணத்தில் அங்குலத்துக்கும் தெளிவுத்திறனுக்கும் அருகே வண்ண வரம்பையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். அவ்வரி இல்லாத இடத்தில், குறைந்த விலைப்புள்ளி தந்தவர் எதை அனுப்புகிறாரோ அதன் நிறத்தை நம்பித்தான் மாணவர் மதிப்பெண் பெற வேண்டியிருக்கிறது.