டேங்க் கிட் வாங்கலாமா? வாங்கலாம், பெட்டியா மட்டும் அடுக்காதீங்க!

பொழுதுபோக்குக்குன்னு பட்ஜெட்ல தனியா ஒரு தொகை ஒதுக்கணும்னு வீடியோல சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு நான் எதிர்பார்க்காதது: "டேங்க் மாடல் கிட் வாங்குறது வேஸ்ட்டா சார்?"

வேஸ்ட் இல்லை. மாசம் பூரா எக்ஸெல் ஷீட்டையே பார்க்கிறவங்களுக்கு, பிளாஸ்டிக் சட்டத்துல இருந்து ஒரு குட்டிச் சக்கரத்தை வெட்டி, தேய்ச்சு, ஒட்டுற வேலை நல்லது. 1:35 அளவுல ஒரு டேங்க் கட்டி பெயின்ட் அடிச்சு முடிக்க 30 மணி நேரம் ஆகுதுன்னு வைங்க. கிட் 3,000 ரூபாய்னா மணிக்கு 100 ரூபாய். கிளியனூர்ல இருந்து பாண்டிச்சேரி போய் ஒரு படம் பார்த்து, பாப்கார்ன் சாப்பிட்டு, பெட்ரோல் போட்டு வந்தா மணிக்கு எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போடுங்க.

ஆனா இந்த 100 ரூபாய் கணக்கு, கட்டி முடிச்ச கிட்டுக்குத்தான். பீரோ மேல பிரிக்காம இருக்கிற பெட்டிக்கு மணி நேரக் கணக்கே கிடையாது, முழுசா செலவு.

அலமாரியில வைக்கிறவருக்கு ஒரு டேங்க் போதும். மேஜைப் போர் விளையாடுறவருக்கு ஒரு படையே வேணும். பனிப்போர் காலத்தை வெச்சு விளையாடுற 'டீம் யாங்கி'யை எடுத்துக்கோங்க, அது 1:100 அளவு. நிஜத்துல பீரங்கிக் குழாயோட சுமார் 9.5 மீட்டர் இருக்கிற டி-72, அதுல 9.5 சென்டிமீட்டர்தான். சின்னதுதானேன்னு ஆரம்பிப்பீங்க. சோவியத் பக்கம்னா அது கும்பலா வரணும். அப்புறம் எதிராளி வேணும். நம்ம ஊர்ல அவர் கிடைக்க மாட்டார், அதனால ரெண்டு படையும் உங்க செலவுதான்.

விலை ஏன் இவ்வளவுன்னு கேட்கலாம். பொம்மையும் ஸ்கேல் மாடலும் சுங்க அட்டவணையில ஒரே தலைப்பு, 9503. அதுக்கான அடிப்படை சுங்க வரி 2020 பட்ஜெட்ல 20%ல இருந்து 60% ஆச்சு, 2023ல 70%. சொந்த உபயோகத்துக்குப் பார்சல்ல வரவழைச்சா வேற தலைப்பு, வேற கணக்கு. ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி அன்னைக்கு இருக்கிற விகிதத்தைப் பார்த்துடுங்க. நிஜ விஜயந்தாவும், இந்திய ராணுவத்தோட டி-72வும் உருவானது இங்க பக்கத்துல ஆவடியில. அதோட பொம்மைக்கு நாம ஜப்பான் தமியாவையும் சீன கம்பெனிகளையும் பார்த்துக்கிட்டு இருக்கோம்!

எனக்குக் கோபம் வர்ற இடம் கிரெடிட் கார்டு. ஆஃபர்னு 12,000 ரூபாய்க்கு மொத்தமா வாங்கி, அந்த பாக்கியைக் கட்டாம தள்ளினா, மாசம் 3.5% வட்டி 420 ரூபாய். அது மேல 18% ஜிஎஸ்டி, 75 ரூபாய் 60 பைசா. மாசம் கிட்டத்தட்ட 496 ரூபாய் வட்டியாவே போகுது, ஒரு பெட்டிகூட பிரிக்காம. மூணு மாச சம்பளம் எமர்ஜென்சி ஃபண்டா இல்லாதவங்க இப்படி வாங்குறதை ஹாபின்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

அப்போ எப்படி ஆரம்பிக்கலாம்? முதல்ல அட்டையில. டேங்க் அளவுக்கு அட்டை வெட்டி, மேல பேர் எழுதி, நண்பரோட நாலு ஆட்டம் ஆடிப் பாருங்க. விதிகளே போரடிச்சா நஷ்டம் அந்த அட்டைதான். பிடிச்சிருந்தா ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கோங்க. என் சாய்ஸ் 1965 செப்டம்பர்ல பஞ்சாப் கேம்கரன் பக்கம் நடந்த அசல் உத்தர் போர். நம்ம சென்டூரியன், அவங்க பேட்டன். நம்ம ராணுவம் குதிரை லாட வடிவத்துல வளைச்சு, கரும்புக்கொல்லைக்குள்ள ஒளிஞ்சு, வயல்ல தண்ணி பாய்ச்சி பேட்டன்களைச் சேத்துல சிக்க வெச்ச சண்டை. கரும்பும் சேறும் விழுப்புரம் மாவட்டத்துக்காரங்களுக்கு விளக்கணுமா என்ன! 1:72 அளவுல மூணு சென்டூரியன், அஞ்சு பேட்டன் போதும். கொல்லைக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரு. முதல் ரெண்டு டேங்க்குக்கு பெயின்ட் காயட்டும், அப்புறம் மூணாவது ஆர்டர். ஏர்பிரஷ், கம்ப்ரஸர் பத்தி இப்போ யோசிக்கவே வேண்டாம், பிரஷ் போதும்.

"தயாரிப்பு நிறுத்தின கிட் சார், விலை ஏறும்"னு ஒரு வாதம் வரும். கம்பெனிக்காரன் பழைய அச்சை எடுத்து மறுபடி ஊத்தினா அந்த விலை இறங்கிடும், அடிக்கடி நடக்கிறதுதான். வரிப் பக்கம், சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த கிட்டை எப்பவாவது வித்தா, அது பொதுவா மூலதனச் சொத்துக் கணக்குலயே வராது. விக்கிறதுக்காகவே வாங்கி வாங்கி வித்தீங்கன்னா அது வியாபார வருமானம். அந்த வருஷம் ஐடிஆர்-1 போட முடியாது.