கோப்பையில் செத்த புழு, தொட்டியில் சாகுமா?

கிராம்புத் தைலம், நீலகிரித் தைலம், எலுமிச்சைப்புல் எண்ணெய் எல்லாம் கொசுப்புழுவைக் கொல்லும் என்று ஆய்வேடு எழுதாத கல்லூரி அரிது. எழுதுவது பொய்யும் அல்ல. கோப்பை நீரில் 25 புழுக்களை விட்டு, எண்ணெயைக் கலந்து, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவது உலக சுகாதார நிறுவனம் வகுத்த முறைதான். ஆனால் அந்தக் கோப்பையை விட்டு இந்த எண்ணெய்கள் ஏன் வெளியே வரவில்லை?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடி வருவது சாக்கடையை அல்ல, பெரும்பாலும் நாம் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீரில் டெமிபாஸ், அதாவது களப்பணியாளர் ஊற்றும் 'அபேட்', லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 5,000 லிட்டர் சம்ப்புக்கு 5 கிராம். பல தாவர எண்ணெய்களுக்கோ லிட்டருக்கு 50 மில்லிகிராமாவது வேண்டும். அதே சம்ப்புக்குக் கால் கிலோ! அதுவும் நீரில் சரியாகக் கரையாது, சீக்கிரமே ஆவியாகிவிடும். அபேட் வாடைக்கே தண்ணீரைக் கொட்டிவிடுகிற வீடுகள் உண்டு. கிராம்பு மணக்கும் தண்ணீரில் யார் உலை வைப்பார்கள்? இயற்கை என்றால் ஆபத்தில்லை என்பதும் தவறு. நீலகிரித் தைலத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்தது.

அபேட்டே போதும் என்று சொல்லவில்லை. அதற்கு அசராத கொசுக்கள் பல நாடுகளில் பெருகிவிட்டன. மாற்று இயற்கையிலிருந்தும் வரலாம். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் 1976இல் கண்டெடுத்த, கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ பாக்டீரியாவை, 1980களின் தொடக்கத்திலேயே மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளில் கருப்பு ஈயின் புழுக்களுக்கு எதிராக இறக்கினார்கள். அங்கே டெமிபாஸ் தோற்றதால் வந்த அவசரம் அது. புதுச்சேரியில் உள்ள ஐசிஎம்ஆர் ஆராய்ச்சி மையமும் சொந்தமாக ஒரு பிடிஐ வகையை உருவாக்கியிருக்கிறது. தாவர எண்ணெய்களுக்கு அந்த அவசரம் யாரிடமும் இல்லை.

ஆகவே இன்னொரு இலைக்கு இன்னொரு ஆய்வேடு என்று நிதி தருவதை அரசு நிறுத்தட்டும். ஏற்கெனவே தேறிய நாலைந்து எண்ணெய்களை, மெல்லக் கசியும்படி பக்குவப்படுத்தி, ஒரு மழைக்காலம் முழுக்கத் தெருக்களில் சோதிக்கட்டும். குடிநீரில் வேண்டாம், பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, கட்டடப் பணியிடத்துத் தேங்கல் போதும். குடிநீர்த் தொட்டிக்கு இறுக்கமான மூடியும் வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவுவதும்தான் வழி. ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். சோதனையில் எண்ணெய் தோற்றால், அந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட வேண்டும்.