விரட்டப்பட்டதா, விரும்பிப் போனதா?

நியூயார்க்கின் ஷியரித் இஸ்ரேல் யூத சபை தன் இடுகாட்டை அடிக்கடி மாற்றியதாம். ஆகவே பழைய நிலங்களைக் காப்பது வீண் பிடிவாதமாம். இப்படி ஒருவர் எழுதியிருக்கிறார். வரலாறு தெரிந்தவர் இப்படி எழுத மாட்டார்.

1805இல் தொடங்கிய இரண்டாம் இடுகாட்டை 1830இல் பிளந்தது நகரம் போட்ட பதினோராம் தெரு. மிஞ்சியது சிறு முக்கோணம். பெயர்த்தெடுத்த உடல்களைச் சபையார் இருபத்தொன்றாம் தெருவில் மீண்டும் அடக்கம் செய்தார்கள். அங்கும் 1851இல் தடை: எண்பத்தாறாம் தெருவுக்குத் தெற்கே புதைக்கக் கூடாது. குயின்ஸுக்குப் போகாமல் என்ன செய்வார்கள்? விரட்டிவிட்டு, பற்றில்லை என்று பழிப்பது அநியாயம். பற்று இல்லாதவர்களா 1683ஆம் ஆண்டுக் கல்லறை நிற்கும் சாத்தம் சதுக்க முதல் இடுகாட்டை, மன்ஹாட்டனின் தென்பகுதியில், இன்றுவரை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள்?