மறைக்கப்படாத கால்

செப்ரெம்பர் மாதம் வந்ததும் ரொறன்ரோவில் எம்மவர் வீடுகளுக்குப் பிள்ளைகளின் புத்தகப்பையினுள் ஒரு துண்டுக் கடிதம் வந்துசேரும். ரெறி பொக்ஸ் ஓட்டம் நடைபெறவிருக்கின்றது, பிள்ளையிடம் இரண்டு டொலர் நாணயக்குற்றி ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள் என்பது அதன் சாரம். காலை அவசரத்தில் குற்றியைக் கொடுத்து விடுகின்றோம். யார் இந்த ரெறி பொக்ஸ் என்று பிள்ளையிடம் கேட்பவர்கள் மிகச் சிலரே. கேட்டால் பிள்ளை சொல்லும். இந்நாட்டில் கல்வி பயிலும் எந்தப் பிள்ளைக்கும் அவரைத் தெரியும். இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடும் பெற்றோருக்குத்தான் அவரை அறிந்துகொள்ள நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே இவ்வாரம் அவரைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினோம். இவ்வாறு எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர் கூறுவோம்.

1958 யூலை 28 இல் வினிப்பெக் நகரிற் பிறந்து பிரிட்டிஷ் கொலம்பியாவில் வளர்ந்தவர் ரெறி பொக்ஸ். பல்கலைக்கழகத்திற் கூடைப்பந்தாட்ட வீரர். வலது முழங்காலில் ஏற்பட்ட நோவை, முந்திய ஆண்டு நிகழ்ந்த வாகன விபத்தின் எச்சம் என்றே அவர் எண்ணிக்கொண்டார். 1977 மார்ச்சில் வைத்தியர்கள் அது எலும்பிற் பற்றிய புற்றுநோய் எனக் கண்டறிந்து, முழங்காலுக்கு மேலே 15 சென்ரிமீற்றர் உயரத்திற் காலைத் துண்டித்தனர். அப்போது அவருக்கு வயது 18.

சத்திரசிகிச்சைக்கு முதல்நாளிரவு, அவருடைய பழைய பயிற்றுநர் ஒரு சஞ்சிகைக் கட்டுரையைக் கொண்டுவந்து கொடுத்தார். பொய்க்காலுடன் 1976 இல் நியூயோர்க் மரதன் ஓட்டத்தை ஓடி முடித்த டிக் ட்ரோம் என்பவரைப் பற்றிய கட்டுரை அது. ஓடவேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. ஆயினும் அறக்கொடைக்காக ஓடவேண்டும் என்ற எண்ணம் அதன்பின் கழிந்த பதினாறு மாத மருந்துச் சிகிச்சையிலேயே பிறந்தது. அந்த விடுதியில் தன்னைவிடச் சிறிய பிள்ளைகள் துன்புறுவதையும் மடிவதையும் அவர் கண்டார். தனக்கு உயிர்பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்றும், இரண்டாண்டுகளுக்கு முன்னர் இதே நோய் வந்திருந்தால் நூற்றுக்குப் பதினைந்தே என்றும் அறிந்தார். அந்த வேறுபாட்டை உண்டாக்கியது ஆராய்ச்சி, ஆராய்ச்சிக்குத் தேவை பணம். இந்த எளிய கணக்கைத்தான் அவர் கனடா முழுவதும் சுமந்து ஓடினார்.

1980 ஏப்ரல் 12 இல் நியூபவுண்ட்லாந்தின் சென்ற் ஜோன்ஸ் துறைமுகத்தில் பொய்க்காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினார். அந்த ஊரின் பெயர் எம்மவர்க்குப் புதியதன்று. ஆறாண்டுகளின் பின், 1986 ஓகஸ்ட் 11 இல், நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்து கொண்டிருந்த 155 தமிழ் அகதிகளை மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். அவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைத்ததும் அதே சென்ற் ஜோன்ஸ் நகரிலேயே. அங்கிருந்து மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் எம்மவர் வந்துசேர்ந்த திசையும், ரெறி பொக்ஸ் ஒற்றைக்காலால் ஓடிவந்த திசையும் ஒன்றுதான்.

அவர் அணிந்த பொய்க்கால் நடப்பதற்கென ஆக்கப்பட்டது. இன்று ஓட்டவீரர்கள் பூணும் வளைந்த காபன் தகடு அன்று இருக்கவில்லை. பொய்க்காலின் முழங்கால் மூட்டிலிருந்த விசைச்சுருள் ஒவ்வோர் அடிக்குப் பின்னரும் தன் நிலைக்கு மீளச் சற்று நேரம் எடுத்தது. அந்த இடைவெளியை நிரப்ப, நல்ல காலால் அவர் ஒரு தடவை கூடுதலாகத் துள்ளவேண்டியிருந்தது. பழைய படச்சுருள்களில் நாம் காணும் அந்த விந்தல் ஓட்டத்தின் காரணம் இதுதான். இருக்கின்ற காலுக்கு இரட்டிப்பு வேலை. துண்டித்த காலின் முனையோ பொய்க்காலின் கிண்ணத்தில் நாள் முழுவதும் உராய்ந்து, கட்டிகள் தோன்றி, இரத்தம் கசிந்தது. இந்நிலையில் விடியுமுன் எழுந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மரதன் தூரத்தை, அதாவது 42 கிலோமீற்றரை எட்டுவதே அவர் குறி. 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர். ஓய்வு நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் நாளொன்றுக்கு 37 கிலோமீற்றருக்கு மேல் வருகின்றது.

இரத்தம் கசியக் கசிய ஓடினார் என்று புகழ்பவர்கள் அதற்கு முந்திய பதினான்கு மாதங்களைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். 1979 தொடக்கத்தில் அவர் பயிற்சியை ஆரம்பித்தபோது ஓடிய தூரம் அரை மைல் மாத்திரமே. சிறிது சிறிதாகக் கூட்டினார். ஒரு கட்டத்தில் 101 நாட்கள் இடைவிடாது ஓடி, தாயார் கேட்டுக்கொண்டதற்காக நத்தார் தினத்தில் மட்டும் ஓய்ந்தார். தாய்சொல் தட்டாத பிள்ளை என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். கனடாவைக் குறுக்கறுத்து ஓடப்போகும் திட்டத்தை அதே தாயாரிடம் நெடுநாள் சொல்லாது மறைத்தவரும் அவர்தான்! 1979 இல் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் முதன்முதல் நெடுந்தூரப் போட்டி ஒன்றில் ஓடினார். கடைசியாகவே வந்தார். புறப்படும் முன்னர் பயிற்சியில் மட்டும் அவர் ஓடிய தூரம் 5,000 கிலோமீற்றர் வரை இருக்கும்.

ஒரு விடயத்தில் நாம் அவரைப் பின்பற்றுமாறு எவருக்கும் சொல்லமாட்டோம். அவருடைய இதயம் பெருத்திருந்தது என வைத்தியர் முன்னரே அறிவித்திருந்தனர். வழியில் கால் வீக்கமும் தலைச்சுற்றும் வந்தன. ஆயினும் இடையிடையே உடலைப் பரிசோதித்துக் கொள்ளுமாறு கேட்டவர்களுக்கு அவர் இணங்கவில்லை. கணுக்காலில் எலும்பு வெடித்துவிட்டதோ என்று அஞ்சியும் மேலும் மூன்று நாள் ஓடிய பின்னரே வைத்தியரிடம் போனார். நல்லவேளையாக அது தசைநாண் அழற்சி மட்டுமே. மனவுறுதியையும் பிடிவாதத்தையும் பிரிக்கும் கோடு மெல்லியது. இருபத்தொரு வயது இளைஞர் அதனைச் சில தடவை தாண்டினார் என்பதே எமது அபிப்பிராயம். முறிவோ சுளுக்கோ இன்னும் ஆறாத நிலையில், நல்ல காரியம்தானே என்று நன்கொடை ஓட்டங்களில் இறங்கும் எம் இளைஞர்கள், அவர் பயின்ற பதினான்கு மாதங்களைப் பின்பற்றட்டும். வைத்தியரைத் தவிர்த்த நாட்களைப் பின்பற்ற வேண்டாம்.

இனி, பணத்தின் கதை. நியூபவுண்ட்லாந்தின் மேற்கு முனையில் போர்ட் ஓ பாஸ்க் என்றொரு சிற்றூர். ஏறத்தாழ 10,000 பேர் வாழும் அவ்வூர் மக்கள் 10,000 டொலருக்கு மேற் சேர்த்துக் கொடுத்தனர். ஆளுக்கு ஒரு டொலர். அவ்வாறாயின் நாடு முழுவதும் ஆளுக்கு ஒரு டொலர் ஏன் சேர்க்கக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு அங்கே உறுதிப்பட்டது. எமது ஊர்களில் கோயிற் காரியத்துக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். கியூபெக்கிலோ பிரெஞ்சு பேசுவோரிடம் செய்தி சென்றடையவில்லை. வீதியில் அவரை ஒதுங்கச் சொல்லி ஒலி எழுப்பிய சாரதிகளே அதிகம். ஒரு நற்காரியமும் மொழி தெரியாத இடத்தில் அநாதையாகிவிடும் என்பதை இந்நாட்டில் எம்மைவிட நன்கறிந்தவர் யார்?

ஒன்ராறியோவுள் நுழைந்ததும் நிலைமை மாறியது. 1980 யூலை 11 இல் ரொறன்ரோ நகரமண்டபச் சதுக்கத்திற் கூடியோர் 10,000 பேர். ஹொக்கி வீரர் டரில் சிற்லர் தமது விளையாட்டுச் சட்டையை அவருக்கு அணிவித்து மகிழ்ந்தார். அன்று ஒரு நாளில் மட்டும் ஓரிலட்சம் டொலர் சேர்ந்ததாகப் புற்றுநோய்ச் சங்கம் கணித்தது. எம்மவர் பலருக்கு நன்கு பழக்கமான ஸ்காபரோ நகரமண்டபத்திலும் அவர் மக்கள்முன் உரையாற்றினார். 1983 யூலையின் பின்னரே பெருந்தொகையாக வந்த எமக்கு அக்காட்சியைக் காணும் பேறு கிட்டவில்லை.

செப்ரெம்பர் முதலாந் திகதி, தண்டர் பே நகருக்கு அண்மையில், இருமலும் நெஞ்சுநோவும் மேலிட, தம்மை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுமாறு உடன்வந்த நண்பரிடம் கேட்டார். புற்றுநோய் நுரையீரல்களுக்குப் பரவியிருந்தது. மிகுதித் தூரத்தைத் தாம் ஓடிமுடிப்பதாக ரொறன்ரோ ஹொக்கி அணியினர் முன்வந்தனர். அவர் இணங்கவில்லை, தாமே முடிக்கவேண்டும் என்றார். 1981 பெப்ரவரியில் சேர்ந்திருந்த தொகை 2 கோடியே 41 இலட்சம் டொலரைத் தாண்டியது. நாட்டின் சனத்தொகையும் ஏறத்தாழ அதுவே. ஆளுக்கு ஒரு டொலர் என்ற கணக்கு நேர்ப்பட்டதைக் கண்ணாற் கண்டபின், அதே ஆண்டு யூன் 28 இல், 23 வயது நிறைய ஒரு மாதம் இருக்கையில் அவர் மறைந்தார்.

இவ்வளவும் பிள்ளைகளுக்குப் பாடசாலையிற் சொல்லிக் கொடுக்கப்படுபவைதான். நாம் முதலிற் குறிப்பிட்ட மற்றைய காரணத்துக்கு இப்போது வருகின்றோம்.

ரெறி பொக்ஸின் படம் எதனைப் பார்த்தாலும் அவர் அரைக்காற்சட்டையுடனேயே காட்சியளிக்கின்றார். உலோகத் தண்டும் பட்டிகளும் வெளியே தெரிகின்றன. நீளக்காற்சட்டை அணிந்து மறைத்து ஓடியிருந்தால், ஏதோ நொண்டி நொண்டி ஓடும் ஒருவர் என்றுதான் வீதியில் போனவர்கள் எண்ணியிருப்பார்கள். காலைக் கண்டதனால்தான் வாகனத்தை நிறுத்தினர், பணப்பையைத் திறந்தனர், தங்கள் வீட்டுப் புற்றுநோயாளரைப் பற்றி வாய்விட்டுப் பேசினர். அந்நாளிற் புற்றுநோய் என்ற சொல்லையே மெல்லிய குரலில் உச்சரித்த குடும்பங்கள் இந்நாட்டிலும் இருந்தன.

எம்மிடையே எத்தனை கால்கள் மறைக்கப்பட்டிருக்கின்றன! ஷெல்லடியிலும் மிதிவெடியிலும் கை, கால் இழந்தவர்கள் இந்நகரின் தொடர்மாடிகளிலும் நிலக்கீழ் அறைகளிலும் வாழ்கின்றனர். பண்டகசாலையில் எட்டு மணிநேரம் நின்று வேலைசெய்யும் ஒருவரை நாம் அறிவோம். பொய்க்காலின் கிண்ணம் தளர்ந்து, காலின் முனை புண்ணாகி, அதற்கு மேல் மூன்று சோடி காலுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகின்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "காலைக் கண்டால் வேலை தரமாட்டினம் அண்ணை" என்றார். உடன் வேலைசெய்யும் தமிழர்களுக்கும் தெரியாதாம். கோயிலிற் காணிக்கைத் தட்டு வந்தால் தவறாது பணம் போடுபவர் அவர். ஊரில் ஒரு பாடசாலைக்கு மாதாமாதம் அனுப்புபவரும் அவர்தான். ஆனால் எமது மேடைகளில் "ஊனமுற்றோருக்கு உதவுவோம்" என்று முழங்கும்போது, கொடுப்பவர் வரிசையிற் கால் இழந்தவர் ஒருவர் நிற்கக்கூடும் என்ற நினைப்பே எமக்கு எழுவதில்லை.

ஊரில் நிலைமை இவ்வளவு மோசமன்று என்றுகூடச் சொல்லத் தோன்றுகின்றது. யாழ்ப்பாணத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஜெய்ப்பூர் கால் பொருத்தும் பணி நடந்து வருகின்றது. இராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி. கே. சேத்தியும் 1960களின் பிற்பகுதியில் ஜெய்ப்பூரில் உருவாக்கிய இறப்பர்ப் பாதம் அது. சப்பாத்தின்றி நடக்கலாம், குந்தலாம், சப்பாணி கட்டி இருக்கலாம், வயற்சேற்றில் இறங்கலாம். எங்கள் நிலத்தின் வாழ்க்கையை அறிந்து செய்த கால் அது. அங்கே வயலில் இறங்கி நின்றால் கால் எல்லோர் கண்ணிலும் படும். படுவதை ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை. மிதிவெடித் தடை ஒப்பந்தம் 1997 டிசெம்பரில் எமது ஒட்டாவாவிலேயே கையெழுத்தானது. இலங்கை அதில் இணைய 2017 டிசெம்பர் வரை சென்றது. அந்த இருபது ஆண்டுகளுக்குள் கால் இழந்தவர்களிற் சிலர் இப்பத்திரிகையின் வாசகர்களாகவும் இருப்பார்கள்.

நடந்து பணம் சேர்த்து வைத்தியசாலை எழுப்பிய கதையும் எம்மண்ணில் உண்டு. 2011 யூலையில், தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தார்கள். முழுத்தூரமும் நடந்தவர்கள் சிலர். ஒருநாள், அரைநாள் சேர்ந்து நடந்தவர்கள் பல்லாயிரவர். சேர்ந்த பணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையாயிற்று. அதுவரை வடக்கின் நோயாளர் மகரகமை வரை போய் அலையவேண்டியிருந்தது. தெற்கிலிருந்து தொடங்கிய நடை என்பதால் அதனை ஐயத்துடன் நோக்கியவர்கள் எம்மிடையே இருந்தனர். தெல்லிப்பழைக் கட்டிலில் மருந்து ஏற்றிக்கொண்டு கிடப்பவரிடம் அந்த ஐயத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி நடைமுறை விடயம். பொய்க்கால் அணிந்தவர்கள் தளர்ந்த கிண்ணத்துடன் காலத்தைக் கடத்தத் தேவையில்லை. ஒன்ராறியோ சுகாதார அட்டை உள்ளவர்க்கு, மாகாண அரசின் உதவிச்சாதனத் திட்டத்தின் கீழ் பொய்க்காலின் அங்கீகரிக்கப்பட்ட விலையில் நூற்றுக்கு 75 வீதம் வழங்கப்படுகின்றது. உடல் மெலிந்தோ பருத்தோ கால் பொருந்தாது போனாலும், தேய்ந்து போனாலும், புதிதாக விண்ணப்பிக்க வழியுண்டு. குடும்ப வைத்தியரின் கடிதத்துடன் தொடங்கலாம். மிகுதி 25 வீதத்துக்கு யாரை அணுகலாம் என்பதைக் கால் பொருத்தும் நிலையத்திலேயே கேட்டறியலாம். ஆங்கிலத்திற் கேட்கத் தயங்குபவர்கள் பாடசாலை போகும் மூத்த பிள்ளையை அழைத்துச் செல்லட்டும்.

ரெறி பொக்ஸ் ஓட்டம் செப்ரெம்பர் நடுப்பகுதி ஞாயிற்றுக்கிழமையில் ரொறன்ரோவின் பல பூங்காக்களில் நடைபெறும். நுழைவுக் கட்டணம் இல்லை, பரிசு இல்லை, நேரம் குறிப்பதும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளில் போகலாம், சக்கர நாற்காலியிலும் போகலாம். செப்ரெம்பரில் வெயிலும் இருக்கும், அரைக்காற்சட்டைக்கு ஏற்ற காலநிலைதான்.